காட்டிக்கொடுத்தது யார் என்று படப்பையில் கேட்டார்கள்

தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்காரலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இடது பக்கத்து ஆள் நான். வலது பக்கத்தில் வாழைத்தாரோடு ஒருவர். அவருடைய உடம்பில் பாதி சாலையில் இருந்தது. எங்கள் சுங்கைப்பட்டாணியில் இப்படி ஒரு வண்டி கிளம்பினால் முதல் சந்திப்பிலேயே நிறுத்திவிடுவார்கள். இங்கேயும் முதல் சந்திப்பில் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். அவரும் ஏறிக்கொண்டார்.

மலேசியாவிலிருந்து நான் வந்தது சென்னையில் ஓர் உறவுக்காரத் திருமணத்துக்கு. படப்பைக்கு வந்த காரணம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளி மாணவர்களுக்காக ஒரு நாடகத்தைத் தமிழில் எழுதினேன். போர்க்காலத்தில், ஓர் அலுவலகத்தின் பின்புறத்து மாடி அறைகளில் குடும்பத்தோடு ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமியின் கதை. உலகமே அறிந்த கதைதான். சென்னையில் ஒரு சிறு பத்திரிகை அதைத் தொடராக வெளியிட்டது. வாசகர் கடிதங்களைப் பத்திரிகைக்காரர் எனக்கு அனுப்பிவைத்தார். மொழியைப் பாராட்டியவை பல. ஒற்று மிகுந்த இடங்களைச் சுட்டிக்காட்டியவை சில. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தபோது படப்பையிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"மேடம், நாங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒக்காந்து உங்க நாடகத்தப் படிச்சிகினு வர்றோம். எல்லாரும் கம்பெனிப் பொண்ணுங்க. ஒரு டவுட்டு மேடம். பகல்ல பாத்ரூம்ல தண்ணி ஊத்தக்கூடாதுன்னு போட்டுக்கீறீங்க. அப்போ வாசன வராதா? கீழ இருக்கறவங்களுக்குத் தெரியாதா?"

இத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஸ்டெல்லா. அதன்பின் வாரம் ஒரு கேள்வி வந்தது. பிறகு, நாடகத்தை மேடையேற்றப்போகிறோம், வரமுடியுமா என்று ஓர் அழைப்பு.

ஸ்டெல்லா படப்பைக்காரி. கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டதற்கு ஒரு நொடி விழித்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்டின்னா இன்னா மேடம்? டிபனா? மொதல்ல டீ சாப்புடலாம் வாங்க."

தேநீர் வந்த கண்ணாடிக் குவளை என் கட்டைவிரல் உயரம்தான். எங்கள் ஊர்க் கடையில் ஆற்றி ஆற்றி நுரை பொங்கத் தரும் தே தாரிக் இதைப் போல மூன்று மடங்கு இருக்கும். ஆனால் இங்கே இரண்டே மிடறில் தலைவரைக்கும் ஏறியது. பக்கத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழும் இந்தியும் கொரிய எழுத்தும் இருந்தன. என் விடுதியின் வரவேற்பறையில் இந்தியா, கொரியா, ஜப்பான் என்று எழுதி மூன்று கடிகாரங்களை மாட்டியிருந்தார்கள். மூன்றும் மூன்று வேறு நேரங்களில் நின்றுபோயிருந்தன.

அன்று மாலை ஒரு மொட்டை மாடியில் வாசகர்களைச் சந்தித்தேன். மாடி கௌரி அக்காவுடையது. அவர்களுடைய குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபிறகு, மிச்சமிருந்த மனையில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். எல்லாம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். ஒரு ஷிப்டு உறங்கும், ஒரு ஷிப்டு துணி துவைக்கும், ஒரு ஷிப்டு வேலையில் இருக்கும். அந்த வீடு எந்நேரமும் அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது.

பாயை விரித்து உட்கார்ந்தோம். முருங்கைக்கீரையும் முட்டையும் போட்டு வதக்கியதைச் சோற்றோடு தட்டில் வைத்துக் கொடுத்தார் கௌரி அக்கா. நான் கையோடு ஒரு சிறு உரை வைத்திருந்தேன். போர், இனவெறுப்பு, மனித மாண்பு என்று போகும். அதைப் பையிலிருந்து எடுக்கவே வாய்க்கவில்லை.

"மேடம், ரெண்டு வருசம் எட்டுப் பேரு மேலயே இருந்தாங்கன்றீங்க," என்றாள் ஒருத்தி. "ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்து வுட்டப்ப நாங்க பக்கத்து வூட்டு மாடில கெடந்தோம். ரெண்டாம் நாளே பிஸ்கட்டுக்குச் சண்ட. எங்க அத்த இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கத்து வூட்டம்மாவோட பேசாது. ரெண்டு வருசம்னா கொலையே வுழுந்திருக்கும்."

"அதான் நாடகத்துலயும் உருளக்கெழங்குக்குச் சண்ட வருதே," என்றாள் ஸ்டெல்லா.

"அது பத்தாது மேடம். இன்னும் ரெண்டு சண்ட சேருங்க."

கௌரி அக்காவின் கேள்வி வேறு. "அவங்களுக்குச் சோறு கொண்டாந்து குடுத்தாங்களே, அந்த ஆபீஸ் பொம்பளங்க. போலீஸ் வந்து எல்லாரையும் இஸ்துகினு போனப்பறம் அவங்கள இன்னா பண்ணாங்க?"

பெண்களை விட்டுவிட்டார்கள், உதவி செய்த ஆண்கள் இருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்கள் பிழைத்து வந்தார்கள் என்று சொன்னேன்.

"அப்போ சரி," என்றார், ஏதோ தெரிந்தவர்களின் சேதியைக் கேட்டதுபோல. எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியை மூடிவிட்டு வந்தார்.

பிறகு எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்தார்கள். யார் காட்டிக்கொடுத்தது? கீழே சரக்கறையில் வேலை பார்த்தவன் என்றாள் ஒருத்தி. கணக்கு எழுதும் ஆளின் தங்கச்சி என்றாள் இன்னொருத்தி. அப்படி ஒரு பாத்திரமே என் நாடகத்தில் இல்லை. இன்றுவரை அது நிச்சயமாகத் தெரியவில்லை என்று நான் சொன்னதும் மாடி முழுக்க ஏமாற்றம்.

"தெரியாதுன்னு வுட்டா அது இன்னா கத மேடம்?"

தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதுவரை பேசவே இல்லை. ஒல்லியான உடம்பு, இருபத்திரண்டு வயது சொல்லலாம். அவள்தான் நாடகத்தில் அந்தச் சிறுமி என்று ஸ்டெல்லா முன்பே காட்டியிருந்தாள். பெயர் செல்வி. அவள் மெதுவாகச் சொன்னாள்:

"யாருன்னு தெரியாம இருக்கதே நல்லதுக்கா. தெரிஞ்சிட்டுன்னா, மத்தவிய எல்லாரும் நல்லவியன்னு ஆயிரும்லா."

பேச்சு தெற்கத்திப் பக்கத்தது. கீழே யாரோ குழாயைத் திறக்க, இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுந்துகொண்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லோரும் வேலைக்குப் போய்விட்டதால் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே நின்றபோது ஒரு வெள்ளைப் பேருந்து வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். குளிரூட்டிய பேருந்து. இவ்வளவு வசதியா என்று மெச்சிக்கொண்டேன். ஏறிய எல்லோரும் உட்கார்ந்த கணமே ஜன்னலில் தலையைச் சாய்த்து உறங்கிப்போனார்கள். நடத்துநரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பேருந்து ஒரு பெரிய இரும்பு வாயிலுக்குள் திரும்பியது. காவலாளி ஏறி ஒவ்வொருவராக அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"உங்க டேக் எங்கமா?"

"நான் வல்லக்கோட்டைக்குப் போகணும்."

அவர் என் பட்டுப்புடவையைப் பார்த்தார், கையிலிருந்த பூக்கூடையைப் பார்த்தார். "இது சைட் மிரர் செய்யுற கம்பெனிமா. முருகர் அந்தப் பக்கம்."

பேருந்து முழுக்க விழித்துக்கொண்டு சிரித்தது. ஓட்டுநர் என்னைத் திட்டாமல் வாயிலுக்கு வெளியே இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் போகும் ஆட்டோவையும் கைதட்டி நிறுத்திக் கொடுத்தார். எங்கள் நாட்டில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் என் தங்கை இருபது ஆண்டுகள் வேலை பார்த்தாள். அங்கேயும் இதே வெள்ளைப் பேருந்துகள், இதே தூக்கம். அதில் ஏறிய அந்நியர் யாரையும் கோயிலுக்கு வழியனுப்பியதாக அவள் சொன்னதில்லை.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. சிலை மிகவும் உயரம், கழுத்தை நன்றாக நிமிர்த்தித்தான் பார்க்கவேண்டும். திரும்பிவரும் ஆட்டோ வழியில் பஞ்சரானது. சரிசெய்யும்வரை சாலையோரத் தள்ளுவண்டியில் பீகார்க்காரர் ஒருவர் சுட்டுத் தந்த லிட்டி என்ற கோதுமை உருண்டையைத் தின்றேன். கரியின் மணமும் கடுகெண்ணெயின் காரமும். அவருடைய தமிழைவிட என் இந்தி மோசம். ஆனாலும் ஏதோ பேசிக்கொண்டோம்.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. மாடியில் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, மாடியறை என்று ஓர் எல்லை கட்டியிருந்தார்கள். காரின் இருக்கை உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி மஞ்சள் துணியில் நட்சத்திரங்கள் வெட்டி ஒவ்வொரு சுடிதாரிலும் தைத்திருந்தாள். ஆறு முனைகளிலும் தையல் பிசகவில்லை. படைவீரர்களின் காலடிச் சத்தத்துக்குத் தொழிற்சாலை பாதுகாப்புக் காலணிகள். முனையில் இரும்பு வைத்தவை. இரண்டு பேர் அவற்றை மாட்டிக்கொண்டு பலகையில் நடந்தபோது கீழ்வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது.

நான் கைப்பேசியை எடுத்து உயர்த்தினேன். செல்வி சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். என் கைப்பேசிக்கு முன்னால் கௌரி அக்காவின் உள்ளங்கை வந்து நின்றது.

"ஃபோட்டோ வாணாம்மா."

பத்திரிகைக்கு ஒன்று வேண்டுமே என்றேன்.

"கால எடுத்துக்கோ, கைய எடுத்துக்கோ, நட்சத்திரத்த எடுத்துக்கோ. அந்தப் பொண்ணு மூஞ்சி வாணாம்."

பிறகு என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். செல்வி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டவள். பதிவுத் திருமணம். பையன் பிரபு ஒரு கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறான், இரவு ஷிப்டு. முதலில் திருப்பூரில் இருந்தார்கள். அவளுடைய அண்ணன்கள் அங்கே பனியன் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்கள். பின்வழியாகத் தப்பி வந்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேலாகக் கௌரி அக்காவின் கடைசி அறையில் இருக்கிறார்கள். கடைக்குப் போவதுகூட ஸ்டெல்லாதான்.

"வல்லக்கோட்டைக்குக்கூட இட்டுகினு போனதில்ல. கிருத்திகைன்னா எந்த ஊர்லருந்தும் ஜனம் வரும். யார் கண்ணுல படும்னு சொல்ல முடியாது."

"அப்படியிருந்தும் நாடகத்தில் ஏன்...?"

"நானும் வாணாம்னேன். கேக்கல. நீயே கேட்டுப்பாரு."

கேட்டேன். செல்வி நட்சத்திரத்தின் ஓரத்தை நகத்தால் நிரடிக்கொண்டே சொன்னாள்:

"ரூமு, பஸ்ஸு, கம்பெனி லைனு, திரும்ப ரூமு. இதான் ஒரு வருசமா. ரூம்ல சத்தமா சிரிச்சாக்கூட எங்க வீட்டுக்காரவிய வாயப் பொத்துதாவ. இந்த நாடகத்துல அம்மகூட ஒரு சண்ட வருதுல்லா டீச்சர்? அதுல கத்தலாம். அதுக்குத்தான்."

அந்தச் சிறுமிக்கும் இவளுக்கும் ஒப்புமை சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அது வேற டீச்சர். அவிய ஒரு தப்பும் செய்யல, ஒரு நாடே தொரத்துச்சி. என்னைய எங்க அண்ணன்மாருதான தேடுதாவ. ரெண்டயும் சேத்துப் பேசாதிய." என் உரை இரண்டாம் முறையாகப் பைக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த கூடத்தில் நாடகம். இரவு ஷிப்டுக்காரர்களும் பார்க்கவேண்டும் என்பதால் வெயில் நேரத்திலேயே. மின்விசிறிகள் போட்ட சத்தத்தில் வசனம் கேட்காதோ என்று கவலைப்பட்டேன். அவற்றை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு ஸ்டெல்லா, "நிறுத்துனா நாடகம் கேக்கும் மேடம், ஆனா கேக்கறதுக்கு ஆள் இருக்காது," என்றாள்.

வாசலில் கௌரி அக்கா. பக்கத்தில் தொழிற்சாலையில் பாகங்கள் போட்டுவைக்கும் நீல நிறப் பெட்டிகள். கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நடுவயதுக்காரர் ஒருவர் முரண்டு பிடித்தார். அவர் ஏதோ ஒரு லைனில் சூப்பர்வைசர்.

"ஃபோன் இல்லாம நான் எப்டிமா உள்ள ஒக்கார்றது?"

"ஃபோன் மேலயா ஒக்காருவ? உள்ள நாற்காலி கீது, போ."

கூடம் நிறைந்தது. ஸ்டெல்லா ஒட்டுமீசையோடு சிறுமியின் தகப்பனாக வந்ததும் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். மீசை ஒரு பக்கம் தொங்கியதும் இன்னும் சிரித்தார்கள். நான் பின்வரிசையில் அமர்ந்து, நான் எழுதிய வசனங்கள் ஒவ்வொன்றாகப் படப்பைத் தமிழாக மாறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அமைதியாக இருங்கள், கீழே ஆள் நடமாட்டம் கேட்கிறது" என்று எழுதியிருந்தேன். மேடையில் அது "சத்தம் போடாத, கீழ ஆளு கீது" என்று வந்தது. முன்வரிசைக் குழந்தை ஒன்று உண்மையாகவே வாயைப் பொத்திக்கொண்டது.

செல்வி மட்டும் அச்சில் இருந்தபடியே சுத்தமாகப் பேசினாள். எந்த ஊர்ப் பேச்சும் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அப்படிப் பழகியிருந்தாள். அதனால் அவள் நடிப்பு சற்று விறைப்பாகவே இருந்தது. அம்மாவோடு சண்டை வரும் காட்சி வரைக்கும்தான். அந்த இடத்தில், "என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை" என்ற என் வரியைத் தொடங்கியவள், பாதியில் நின்றாள். மூச்சு வாங்கினாள். பிறகு கூடமே அதிரக் கத்தினாள்:

"என்னைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டியளா? இங்க நானும் ஒரு மனுசி இருக்கேம்லா! எல்லாம் நீங்களே முடிவு பண்ணுவிய, நான் வாயப் பொத்திக்கிட்டு மூலைல கெடக்கணுமா?"

அடுத்து பேசவேண்டிய அம்மா, வசனத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். செல்வி தட்டல் ஓயும்வரை காத்திருந்து, மீண்டும் அச்சுத் தமிழுக்குத் திரும்பினாள்.

பலகையில் இரும்புக் காலணிகள் ஏறிவந்தபோது எவரும் அசையவில்லை. கடைசியில் தகப்பன் மட்டும் தனியாகத் திரும்பிவருகிறான். ஸ்டெல்லாவின் மீசை அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் பார்வையாளர்கள் பேசினார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண் இந்தியில் சொன்னதை ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள்: பேச்சு எதுவும் புரியவில்லையாம். ஆனால் மேசையில் உருளைக்கிழங்கை எண்ணி எண்ணி வைத்தபோது எல்லாம் புரிந்துவிட்டதாம். மகளோடு வந்திருந்த காவலாளி ஒருவர், பெற்ற தாயை எதிர்த்துப் பேசும் காட்சியை எடுத்துவிடவேண்டும் என்றார். அவர் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசிக்காக முரண்டு பிடித்த சூப்பர்வைசர், "அந்தக் காட்டிக்குடுத்த ஆளு பேரு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே," என்று குறைப்பட்டுக்கொண்டு தன் கைப்பேசியைத் தேடப் போனார்.

கூட்டம் கலைந்தபோது மேடைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு தொழிற்சாலை உணவுக்கூடத்தில் சமையல் வேலை, பெயர் பேச்சியம்மாள் என்று பின்னால் தெரிந்தது. நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த செல்வியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் போனார்.

"ஏட்டி, நீ ரைஸ்மில்காரரு மவதான?"

செல்வியின் கை நட்சத்திரத்தின் மேல் நின்றது. "இல்லீங்க. நான் மதுர."

தன் ஊர்ப் பேச்சு துளியும் கலக்காமல்தான் சொன்னாள். ஆனால் அவள் கத்தியதைக் கூடமே கேட்டிருந்தது. பேச்சியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"சரி. மதுரன்னா மதுரதான். நல்லா செஞ்ச. ஒங்கம்ம பாத்திருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கலட்டி. நீ போ." வந்த பெண்களோடு சேர்ந்து நடந்து போய்விட்டார்.

கௌரி அக்கா செல்வியின் தோளைப் பிடித்து, பக்கக் கதவு வழியாக வெளியே கூட்டிப் போனார். ஸ்டெல்லா மீசையைப் பிய்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்புமுன் விடைபெறப் போனேன். கடைசி அறை திறந்து கிடந்தது. கௌரி அக்கா அதைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். பாய், அடுப்பு, துணிக்கொடி எதுவும் இல்லை. சுவரில் கண்ணாடி மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

"போயிட்டாங்கம்மா. அந்தப் பையன் ஷிப்டு முடிஞ்சி வந்ததும் வராததுமா கெளம்பிட்டாங்க. எங்கன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியாம இருந்தாதான் நல்லது."

நட்சத்திரம் தைத்த சுடிதார் மட்டும் மடித்து ஜன்னலில் வைக்கப்பட்டிருந்தது. அது நாடகக் குழுவுக்குச் சொந்தம் என்று விட்டுப்போயிருக்கிறாள்.

வாசலில் இரும்புக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கௌரி அக்கா துடைப்பத்தோடேயே போனார், நான் பின்னால் போனேன். வெளியே பேச்சியம்மாள். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"யாரு சொன்னாங்க வூடு இங்கன்னு?" கௌரி அக்கா கதவைத் திறக்கவில்லை.

"நேத்து எங்கூட வந்த கம்பெனி ஆஸ்டல் புள்ளியகிட்ட கேட்டேன். அந்தப் பிள்ளையப் பாக்கணும்."

"இன்னா வேணும் உனக்கு? யார்கிட்ட சொன்ன? நேத்து யாருக்கு ஃபோன் போட்ட?"

"நான் யாருகிட்டயும் வாய் தொறக்கல தாயி. சத்தியமா." பேச்சியம்மாள் தூக்குச்சட்டியை உயர்த்திக் காட்டினார். "காலைல தாம்பரம் மார்க்கெட்டுல சாளை மீனு கெடச்சிது. எங்கூருப் பக்கத்துப் பிள்ள, ஒரு வாய் நம்ம ஊருக் கொழம்பு தின்னட்டுமேன்னுதான்..."

"அவ இல்ல. போயிட்டா."

பேச்சியம்மாள் முதலில் நம்பவில்லை. கௌரி அக்கா கதவைத் திறந்து, கடைசி அறையைக் காட்டினார். பேச்சியம்மாள் ஈரத் தரையை எட்டிப் பார்த்தார். பிறகு மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"நேத்து அவ மூஞ்சியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிட்டு, பயந்துட்டான்னு. அப்பமே கையப் புடிச்சி ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சுத்தி ஆளுவ நின்னுச்சி. அவ அம்மய எனக்குத் தெரியும். போன கோயில் கொடைக்கி ஊருக்குப் போயிருந்தப்பம் பாத்தேன். வீட்ல அவ பேரச் சொல்லக்கூடாதாம். கெணத்தடில வச்சி எங்கிட்ட கேட்டா, 'மெட்ராஸ்ல இருக்கியே, எம்மவள எங்கயாச்சும் பாத்தியா?'ன்னு. இல்லன்னேன். இனி போனாலும் இல்லன்னுதான் சொல்லுவேன். ஆனா அவ அம்ம நல்லாருக்கான்னு இந்தப் பிள்ளைட்ட சொல்லலாம்லா? அதுக்குத்தான் வந்தேன்."

அப்போது ஷிப்டு முடிந்து வந்த ஸ்டெல்லா, கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் முந்திய நாளின் சந்தேகம் முழுவதுமாகப் போயிருந்ததாகச் சொல்லமாட்டேன். பேச்சியம்மாளும் அதைக் கவனித்தார்.

"நீங்க நம்பலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்றார். "நம்பாம இருக்கதுதான் அந்தப் பிள்ளைக்கிப் பாதுகாப்பு. இருங்க, அப்படியே இருங்க."

தூக்குச்சட்டியைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார். கௌரி அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"எங்க போற? ஒக்காரு. சோறு வடிச்சி வெச்சிகீறேன்."

அங்கேயே, அந்தப் படியருகே உட்கார்ந்து நான்கு பேரும் சாப்பிட்டோம். மாங்காய் போட்ட குழம்பு. பேச்சியம்மாள் ஒரு கட்டத்தில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், அந்த ஆபீஸுக்குச் சாமான் போட வாரவன், பக்கத்து வீட்டுக்காரன்னு எம்புட்டுப் பேரு இருந்திருப்பான். மாடில ஆளு இருக்குன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தவன் ஒருத்தனாச்சும் இருப்பாம்லா? அவன ஏன் ஒங்க நாடகத்துல காணோம்?"

இருந்திருக்கிறார்கள் என்றேன். எழுதவில்லை என்றும் ஒப்புக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முள்ளை எடுத்துப் போட்டார்.

சுங்கைப்பட்டாணிக்குத் திரும்பிப் பள்ளி வேலைகளில் மூழ்கிவிட்டேன். நாடகத்துக்கு வந்த எதிர்வினைகளைத் தொகுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். நட்சத்திரத்தின் படம் ஒன்றும், இரும்பு முனைக் காலணிகளின் படம் ஒன்றும் போனது. பெயர்களை மாற்றிவிட்டேன். இந்தக் கட்டுரையிலும் மாற்றியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சியம்மாள் இப்போது ஞாயிறுதோறும் மாடிக்கு வருகிறாராம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாராம், ஆனால் கேள்விகள் அவருடையவைதான் அதிகமாம். செல்வியும் ஒருநாள் புது எண்ணிலிருந்து கூப்பிட்டாளாம். எங்கே இருக்கிறாள் என்று சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"நான் எல்லாத்தையும் சொன்னேன் மேடம். அந்தம்மா மறுநா வந்தது, அவங்கம்மா நல்லாகீறாங்கன்னு சொல்ல வந்தது, எல்லாம். ஒண்ணுமே பேசல. லைன் கட்டாயிடுச்சோன்னு அலோ அலோன்னு கத்திகினு இருந்தேன். அப்பறம் கேக்கறா, 'அக்கா, அந்தக் கொழம்ப யாரு தின்னா?'ன்னு. நாங்கதான்டின்னேன். 'மாங்கா போட்ருந்தாவளா?'ன்னா. ஆமான்னேன். 'அப்பம் நல்லாத்தான் இருந்திருக்கும்'னு சொல்லிட்டு வெச்சிட்டா."